கண்ணாடியிலிருந்து கிளம்பும் சோடியம்: சோலார் பேனலின் திறனை அது எப்படிக் குறைக்கிறது?

இன்று விற்பனைக்கு வரும் பெரிய சோலார் பேனல் ஒன்றின் பரப்பு இரண்டு சதுர மீட்டரைத் தாண்டும். அதன் முகப்பில் இருக்கும் கண்ணாடி 3.2 மில்லிமீட்டர் தடிமன் என்றால், இரண்டு சதுர மீட்டருக்கு எடை 16 கிலோ வரும். அந்த 16 கிலோவுக்குள் சோடியம் மட்டும் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ இருக்கிறது. பேனலுக்குள் ஒளியை மின்சாரமாக்கும் செல்களைக் கெடுப்பதற்கோ, கிராமில் அல்ல, மைக்ரோகிராமில் அளக்க வேண்டிய சோடியம் போதும். இவ்வளவு பெரிய இருப்பிலிருந்து அவ்வளவு சிறிய அளவு இடம் மாறுவதைத் தடுப்பதற்காகத்தான் சோலார் துறை கடந்த பதினைந்து ஆண்டுகளாகப் பாடுபட்டு வருகிறது.

முதலில், சோடியம் கண்ணாடிக்குள் ஏன் இருக்கிறது? கண்ணாடியின் அடிப்படை மணல், அதாவது சிலிக்கா. தனிச் சிலிக்காவை உருக்க 1700 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெப்பம் வேண்டும். சோடா உப்பைச் சேர்த்தால் உருகும் வெப்பம் நன்றாகக் குறைந்துவிடும். சோடா மட்டும் சேர்த்தால் கண்ணாடி தண்ணீரில் கரையத் தொடங்கும் என்பதால் சுண்ணாம்புக்கல்லையும் சேர்க்கிறார்கள். ஜன்னல், பாட்டில், சோலார் பேனல் எல்லாவற்றுக்கும் இந்தச் சோடா-சுண்ணாம்புக் கண்ணாடிதான். சோலாருக்கான கண்ணாடியில் இரும்பின் அளவை மிகவும் குறைத்திருப்பார்கள். ஒளி அதிகம் உள்ளே போக வேண்டும் என்பதற்காக. சோடியத்தை யாரும் குறைப்பதில்லை. எடையில் 13, 14 சதவீதம் சோடியம் ஆக்சைடு என்பது வழக்கமான கலவை.

சிலிக்கான் அணுக்களும் ஆக்சிஜன் அணுக்களும் கண்ணாடிக்குள் இறுக்கமான வலைப்பின்னலாகப் பிணைந்திருக்கும். சோடியம் அந்தப் பின்னலின் அங்கம் அல்ல. நேர்மின்னேற்றம் கொண்ட அயனியாக, பின்னலில் இருக்கும் இடைவெளிகளில் தளர்வாக உட்கார்ந்திருக்கும். கால்சியமும் அப்படித்தான் இருக்கிறது என்றாலும், இரட்டை மின்னேற்றம் இருப்பதால் அதன் பிடி பலம், எளிதில் நகராது. சோடியம் நகரும். கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது என்று பள்ளியில் படித்திருப்போம். உண்மையில் மிக மிகக் குறைவாகக் கடத்தும். அந்தக் கொஞ்சத்தைக் கடத்துவது எலக்ட்ரான்கள் அல்ல, ஓர் இடைவெளியிலிருந்து அடுத்த இடைவெளிக்குத் தாவும் சோடியம் அயனிகள்தான். வெப்பம் ஏறினால் தாவல் வேகமாகும். 25 டிகிரியில் இருக்கும் கண்ணாடியை 85 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் மின்தடை நூறு மடங்கு அளவில் இறங்கிவிடும்.

மின்னழுத்தமே இல்லாத இடத்திலும் சோடியம் சும்மா இருப்பதில்லை. கண்ணாடித் தகடுகளை அடுக்கி ஈரமான கிடங்கில் நாள்கணக்கில் வைத்துவிட்டால் இடுக்கில் தேங்கும் ஈரத்தில் இருக்கும் ஹைட்ரஜன் அயனிகள் கண்ணாடிக்குள் போகும், சோடியம் வெளியே வரும். வெளியே வந்த சோடியம் அந்த ஈரத்தைக் காரமாக்கும். காரத்தன்மை ஓர் அளவைத் தாண்டினால் சிலிக்கா பின்னலே அரிக்கப்படும். துடைத்தாலும் போகாத வெண்படலம் அப்படித்தான் வருகிறது. தகடுகளுக்கு நடுவே தாளோ பொடியோ வைத்து அனுப்புவது இதற்காகத்தான். கூரையில் சாய்வாக நிற்கும் பேனலை மழை கழுவிக்கொண்டே இருப்பதால் அங்கே இது பெரிய தொல்லை இல்லை. பேனலின் உண்மையான சிக்கல் மின்னழுத்தம் வந்த பிறகுதான் ஆரம்பிக்கிறது.

ஒரு பேனல் 40, 50 வோல்ட் தரும். பெரிய சோலார் பூங்காக்களில் முப்பது பேனல்கள் வரை வரிசையாக இணைத்து 1500 வோல்ட் வரை கொண்டுபோகிறார்கள். மின்னழுத்தம் கூடினால் ஒயரில் ஓட வேண்டிய மின்னோட்டம் குறையும், செம்புச் செலவும் இழப்பும் குறையும். முன்பு 600 வோல்ட், பிறகு 1000, இப்போது 1500 என்று துறை ஏறிக்கொண்டே வந்ததற்குக் காரணம் இந்தக் கணக்கு. பேனலின் அலுமினியச் சட்டத்தை, அதாவது ஃபிரேமை, பாதுகாப்புக்காக எர்த் செய்திருப்பார்கள். அது பூஜ்ய வோல்ட். உள்ளே இருக்கும் செல்கள் எத்தனை வோல்ட்டில் இருக்கும் என்பது இன்வெர்ட்டரை, அதாவது பேனலின் நேர்மின்சாரத்தை (டிசி) மாறுமின்சாரமாக (ஏசி) மாற்றும் கருவியைப் பொறுத்தது. டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத இன்வெர்ட்டர்களில் வரிசையின் எந்த முனையும் எர்த்துடன் இணைந்திருக்காது. அதனால் வரிசை நடுவில் பூஜ்யமாகவும், ஒரு முனையில் கூட்டல் 750 ஆகவும், மறுமுனையில் கழித்தல் 750 ஆகவும் தானாகவே நின்றுகொள்ளும்.

கழித்தல் முனையில் இருக்கும் பேனலை எடுத்துக்கொள்வோம். ஃபிரேம் பூஜ்யம், செல் கழித்தல் 750. சோடியம் அயனிக்கு நேர்மின்னேற்றம். அது செல்லை நோக்கி இழுக்கப்படும். பகலில் சூரியன் இருக்கும் நேரமெல்லாம், வருடத்துக்கு 365 நாளும், இந்த இழுப்பு நடக்கிறது.

கண்ணாடிக்கும் செல்லுக்கும் நடுவே அரை மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் படலம் இருக்கும். பெரும்பாலும் இவிஏ எனப்படும் எத்திலீன் வினைல் அசிடேட். செல்லைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடிப்பது அதுதான். காய்ந்த பகலில் கண்ணாடியின் மேற்பரப்பு மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாது. அதனால் ஃபிரேமுக்கு அருகில் இருக்கும் ஓரத்துச் செல்கள் மட்டுமே பாதிப்புக்கு உள்ளாகும். விடியற்காலைப் பனி படிந்ததும், மழை பெய்ததும் கதை மாறிவிடும். ஈரப்படலம் ஃபிரேமின் பூஜ்ய வோல்ட்டைக் கண்ணாடியின் முழுப்பரப்புக்கும் எடுத்துக்கொண்டு போகும். அப்போது ஒவ்வொரு செல்லுக்கு மேலேயும் முழு மின்னழுத்தமும் நிற்கும். கடற்கரையில் இன்னும் மோசம்: கண்ணாடியில் படிந்த உப்பு காற்றின் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அந்த ஈரம் நன்றாகவும் கடத்தும்.

எவ்வளவு மின்சாரம் கசிகிறது? ஒரு பேனலுக்கு மைக்ரோஆம்பியர் கணக்கில்தான். மின்சாரமாகப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. கட்டணத்தில் பைசாகூட வராது. ஆனால் அந்த ஒரு மைக்ரோஆம்பியர் முழுவதையும் சோடியம் அயனிகளே சுமந்து செல்கின்றன என்று வைத்துக் கணக்குப் போட்டால், 24 மணி நேரத்தில் இடம்பெயரும் சோடியம் 20 மைக்ரோகிராம்.   ஒன்றரைக் கிலோ இருப்பிலிருந்து ஒரு நாளைக்கு 20 மைக்ரோகிராம். இருபத்தைந்து வருடம் இப்படியே போனாலும் கண்ணாடியின் இருப்பில் குறை தெரியாது.

அந்தச் சோடியம் போய்ச் சேரும் இடத்தில்தான் விஷயம் இருக்கிறது. வழக்கமான பி-வகைச் (போரான் போன்ற தனிமம் சிறிதளவு கலந்த) சிலிக்கான் செல்லின் மேற்புறத்தில், மைக்ரோமீட்டரில் பாதிக்கும் குறைவான ஆழத்தில், பி-என் சந்தி இருக்கும். ஒளி உண்டாக்கும் மின்னேற்றங்களைப் பிரித்து மின்சாரமாக்குவது அந்தச் சந்தி. அதற்கு மேலே 80 நானோமீட்டர் அளவில் சிலிக்கான் நைட்ரைடு பூச்சு. செல்லுக்கு நீல நிறம் தருவது அது. பல ஆண்டுகளாக ஒரு புதிர் இருந்தது. சோடியம் நைட்ரைடு பூச்சின் மேல் வந்து குவிந்தால் அதன் மின்னேற்றம் மேற்பரப்பைக் கொஞ்சம் பாதிக்கலாம், சரி. ஆனால் களத்தில் பார்த்தது அது அல்ல. பேனல்கள் திறனில் பாதிக்கும் மேல் இழந்து நின்றன. சந்தியே குறுக்குச் சுற்றாகிவிட்டது (ஷார்ட் சர்க்யூட்) போல நடந்துகொண்டன.

விடையைத் தந்தது ஜெர்மனியின் ஹாலே நகரில் இருக்கும் ஃப்ரான்ஹோஃபர் சிலிக்கான் ஒளிமின்கல மையம். ஃபோல்கர் நௌமன் குழு கெட்டுப்போன செல்களில் மின்சாரம் கசியும் புள்ளிகளைத் தேடிப் பிடித்து, அந்தப் புள்ளிகளை மட்டும் மிக மெல்லிய சீவலாக வெட்டி எடுத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தது. ஒவ்வொரு புள்ளியிலும் சிலிக்கான் படிகத்தில் ஒரு குறைபாடு இருந்தது. படிகத்தின் அணுத்தளங்கள் ஒழுங்காக ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். சில இடங்களில் அடுக்கு வரிசை தப்பிப் போயிருக்கும். இதை அடுக்குப் பிழை என்கிறார்கள். சில மைக்ரோமீட்டர் நீளம், அணு அளவுத் தடிமன். மேற்பரப்பில் தொடங்கிச் சாய்வாகக் கீழே இறங்கி, சந்தியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். அந்தப் பிழைக்குள் சோடியம் நிறைந்திருந்தது. சாதாரணமாகத் தீங்கில்லாத ஒரு படிகக் குறைபாடு, சோடியம் நுழைந்ததும் மின்சாரம் கடத்தும் தகடாகி, சந்தியின் மேல்பக்கத்தையும் கீழ்பக்கத்தையும் இணைத்துவிட்டது. 2014இல் இந்த விளக்கம் வெளிவந்தது. ஒரு செல் கெடுவதற்கான காரணத்தை அணு அளவு வரை பின்தொடர்ந்து போய்க் காட்டிய வேலை என்பதால் எனக்கு இது மிகவும் பிடித்த ஆய்வுகளில் ஒன்று.

இந்தச் சோடியம் எல்லாமே கண்ணாடியிலிருந்து வந்ததுதானா என்பதில் ஆய்வாளர்களிடையே விவாதம் உண்டு. அடுக்குப் பிழையை நிரப்பத் தேவையான அளவு அவ்வளவு குறைவு. தயாரிக்கும்போதே செல்லின் மேல் ஒட்டியிருக்கும் அழுக்கில் இருக்கும் சோடியமே சில சமயம் போதுமானதாக இருக்கும். ஆனால் அதைச் செல்லுக்குள் தள்ளும் மின்புலம் உருவாக வேண்டும் என்றால் கண்ணாடி கொஞ்சமாவது கடத்த வேண்டும். கண்ணாடியில் கடத்துவது சோடியம்தான். சோடா-சுண்ணாம்புக் கண்ணாடிக்குப் பதிலாகக் குவார்ட்ஸ் கண்ணாடி வைத்துச் சோதித்தபோது இந்தப் பாதிப்பு வரவில்லை. எந்த வழியில் பார்த்தாலும் கண்ணாடியின் சோடியத்துக்குப் பங்கு இருக்கிறது.

சந்தியில் இப்படிக் கசிவுப் பாதை விழுந்தால் பேனல் எப்படி நடந்துகொள்ளும் என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். பராமரிப்பவர்கள் ஏமாந்துபோவது இங்கேதான். அடியில் ஓட்டை விழுந்த தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். குழாயில் தண்ணீர் சீறிக்கொண்டு வரும்போது ஓட்டை இருப்பதே தெரியாது, தொட்டி நிரம்பிவிடும். சன்னமாக வரும் நாளில் வருவதெல்லாம் ஓட்டை வழியாகவே போய்விடும். நடு மதியத்தில் 10 ஆம்பியர் தரும் செல்லில் கசிவுப் பாதை ஓர் ஆம்பியரை விழுங்கினால் இழப்பு பத்தில் ஒன்று. காலை ஏழு மணிக்கு ஒளி பத்தில் ஒரு பங்காக இருக்கும்போது அந்தச் செல் உண்டாக்குவதே ஓர் ஆம்பியர்தான். அது முழுவதும் கசிவில் போய்விடும். எனவே பாதிப்பு ஆரம்பிக்கும் காலத்தில் மதியநேர அளவீடுகள் ஒழுங்காகவே இருக்கும். காலை, மாலை, மேகமூட்டமான நாள்களில் மட்டும் உற்பத்தி வீழும். மாதாந்திர மொத்தத்தை மட்டும் பார்ப்பவர் இதைத் தூசு என்றோ மேகம் என்றோ எண்ணிவிடுவார். அனுபவமுள்ள பொறியாளர்கள் அதிகாலை மங்கல் ஒளியில் ஒவ்வொரு பேனலின் திறந்த சுற்று மின்னழுத்தத்தை, அதாவது எதனுடனும் இணைக்காதபோது அது தரும் வோல்ட்டை, அளந்து பார்ப்பது இந்தக் காரணத்தால்தான்.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழியும் இருக்கிறது. இரவில் பேனலுக்குள் மின்சாரத்தைச் செலுத்தினால் நல்ல செல்கள் அகச்சிவப்பு ஒளியை உமிழும். அதைத் தனிக் கேமராவில் படம் எடுக்கலாம். கசிவுள்ள செல்லில் மின்சாரம் குறுக்கு வழியில் போய்விடுவதால் அது கறுப்பாகத் தெரியும். சோடியம் பாதித்த வரிசையின் படத்தைப் பார்த்தால் எதையும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கூட்டல் முனையில் இருக்கும் பேனல்கள் முழுக்க வெளிச்சமாக இருக்கும். நடுவைத் தாண்டியதும் ஆங்காங்கே கறுப்புக் கட்டங்கள் தென்படும். கழித்தல் முனைக்குப் போகப் போகக் கறுப்பு பெருகும். ஒரே பேனலுக்குள்ளும் ஃபிரேமை ஒட்டிய ஓரங்கள், குறிப்பாகத் தண்ணீரும் அழுக்கும் தேங்கும் கீழ் ஓரம், முதலில் கறுக்கும். செல் வெடிப்போ பட்டறைக் குறையோ இப்படி முனை பார்த்து வரிசைகட்டி வராது. மின்னழுத்தத்தால்தான் வந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

துறையில் இதற்கு வழங்கும் பெயர் பிஐடி. மின்னழுத்தத்தால் வரும் திறனிழப்பு என்று பொருள். அந்தப் பெயர் பரவியது 2010இல், ஜெர்மனியின் சோலோன் நிறுவனத்தைச் சேர்ந்த பொறியாளர்கள் தங்கள் ஆய்வை வெளியிட்ட பிறகு. ஆனால் வேர் அதற்கும் முன்னால் போகிறது. 1980களிலேயே அமெரிக்காவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் மோனும் ராஸும் பேனல்களுக்குள் மின்னழுத்தத்தால் அயனிகள் நகர்ந்து அரிப்பை உண்டாக்குவதை ஆராய்ந்திருந்தார்கள். அன்றைய பேனல் அமைப்புகளில் மின்னழுத்தம் குறைவு, இன்வெர்ட்டரில் டிரான்ஸ்ஃபார்மர் இருந்தது, ஒரு முனை எர்த் செய்யப்பட்டிருந்தது. எனவே யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை.

2000களின் தொடக்கத்தில், செல்லை மிக மெல்லிய படலமாகப் பூசிச் செய்யும் மெல்லேடு பேனல்களில் தொல்லை வெளியே வந்தது. அவற்றில் கண்ணாடியின் மேலேயே ஒளிபுகும் டின் ஆக்சைடு மின்கடத்திப் பூச்சைப் பூசி, அதன்மேல் செல்லை உருவாக்குவார்கள். நடுவில் பிளாஸ்டிக் படலம் கிடையாது. கழித்தல் மின்னழுத்தத்தில் சோடியம் கண்ணாடிக்கும் பூச்சுக்கும் நடுவே வந்து சேரும்; ஓரத்தின் வழியாக ஈரம் நுழைந்தால் அங்கே நடக்கும் வேதிவினையில் பூச்சு கண்ணாடியை விட்டு உரிந்து வந்துவிடும். சிலிக்கானில் வரும் சோடியக் கசிவைச் சரிசெய்ய வழி இருக்கிறது. இந்த உரிவுக்கு வழியில்லை, போனது போனதுதான். கழித்தல் முனையைக் கட்டாயம் எர்த் செய்ய வேண்டும் என்று அந்தப் பேனல்களின் கையேடுகளில் எழுதத் தொடங்கியது இதனால்தான்.

2005இல் சன்பவர் நிறுவனம் சொன்னது இதற்கு நேர் எதிர். அவர்களுடைய என்-வகைச் (பாஸ்பரஸ் கலந்த சிலிக்கான்) செல்கள் கூட்டல் மின்னழுத்தத்தில் திறனை இழந்தன. அங்கே சோடியம் உள்ளே நுழையவில்லை. செல்லின் மேற்பரப்பில் எதிர்மின்னேற்றம் தேங்கியது. கூட்டல் முனையை எர்த் செய்ததும் சரியாகிவிட்டது. மின்னழுத்தத் தொல்லைகள் எல்லாவற்றையும் சோடியத்தின் தலையில் கட்டக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். பிஐடி என்ற ஒரே பெயருக்குள் வெவ்வேறு நோய்கள் இருக்கின்றன, மருந்தும் வெவ்வேறு.

சோடியத்தை வில்லனாகவே பார்த்துக்கொண்டு போனால் கதையின் பாதியைத் தவறவிடுவோம். செம்பு, இண்டியம், காலியம், செலினியம் சேர்ந்த சிஐஜிஎஸ் என்ற மெல்லேடு செல் வகையில் சோடியம் இல்லாமல் நல்ல செல்லே அமையாது. 1990களின் ஆரம்பத்தில் சிலர் சாதாரண ஜன்னல் கண்ணாடியிலும், சோடியம் இல்லாத விலை உயர்ந்த கண்ணாடியிலும் இந்தச் செல்லைச் செய்து பார்த்தார்கள். மலிவான கண்ணாடியில் செய்தவைதான் நன்றாக வேலை செய்தன. ஸ்வீடன் ஆய்வாளர்கள் 1993இல் இதைக் கவனித்துக் காரணத்தைச் சோடியத்தில் கண்டார்கள். 500 டிகிரிக்கு மேல் வெப்பத்தில் செல்லை வளர்க்கும்போது கண்ணாடியின் சோடியம் மாலிப்டினம் பூச்சைத் தாண்டி மேலே ஏறி, படிகத் துகள்களின் எல்லைகளில் தங்கி, செல்லின் மின்னழுத்தத்தை உயர்த்துகிறது. ஆயிரம் அணுவுக்கு ஒன்று என்ற அளவு போதும். அதன் பிறகு பிளாஸ்டிக் தாளில் இந்தச் செல்லைச் செய்தவர்கள் சோடியம் ஃப்ளூரைடைத் தனியாகச் சேர்த்தார்கள். ஸ்விட்சர்லாந்தின் எம்பா ஆய்வு நிலையம் அதோடு பொட்டாசியத்தையும் சேர்த்து, 2013இல் பிளாஸ்டிக் தாளின் மேல் 20.4 சதவீதத் திறனைத் தொட்டது. அதே ஆண்டு ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தினர் இன்னொன்றையும் காட்டினார்கள்: செய்து முடித்த சிஐஜிஎஸ் செல்லுக்குள் மின்னழுத்தத்தால் கூடுதல் சோடியத்தைத் தள்ளினால் அதுவும் கெட்டுவிடும். செய்யும்போது வந்த சோடியம் நல்லது, பிறகு வந்தது கெட்டது. எவ்வளவு, எப்போது, எங்கே போய் உட்காருகிறது என்பதை வைத்துத்தான் சோடியம் என்ன செய்யும் என்று சொல்ல முடியும்.

சிலிக்கான் பேனலுக்கு வருவோம். சோடியம் போகும் பாதையில் எந்த இடத்தில் தடுப்பது? கண்ணாடியை மாற்றுவதுதான் முதலில் தோன்றும் யோசனை. சோடியம் இல்லாத கண்ணாடி கிடைக்கும், விலை கட்டுப்படியாகாது. பேனலின் விலை ஆண்டுக்காண்டு விழுந்துகொண்டிருக்கும் காலத்தில் அதை யாரும் தொடப் போவதில்லை. செல் தயாரிப்பவர்கள் நைட்ரைடு பூச்சில் சிலிக்கானின் பங்கைக் கூட்டினார்கள். பூச்சு கொஞ்சம் கடத்தத் தொடங்கும், அதற்குள் மின்புலம் தேங்காது, சோடியத்துக்குத் தள்ளும் விசை குறைந்துவிடும். ஆனால் அந்தப் பூச்சு நீல ஒளியைச் சற்று விழுங்கும். திறன் கொஞ்சம் போகும். அப்புறம் நைட்ரைடுக்கு அடியில் ஓசோன் கொண்டு மிக மெல்லிய ஆக்சைடு படலம் வளர்க்கும் முறை வந்தது. திறன் போகாமலேயே தடுப்பு கிடைத்தது. அதனால் தொழிற்சாலைகளில் அது வேகமாகப் பரவியது.

இவையெல்லாம் இருந்தாலும், அதிகப் பலன் தருவது நடுவில் இருக்கும் பிளாஸ்டிக் படலம்தான் என்பது என் கருத்து. கண்ணாடியும் படலமும் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு தடைகள். மின்தடை எதில் அதிகமோ அதன்மேல்தான் மின்னழுத்தத்தின் பெரும்பகுதி விழும். கண்ணாடி சூடேறினால் தடையை இழந்துவிடுகிறது. படலம்தான் தாங்க வேண்டும். இவிஏ ஈரத்தை உறிஞ்சும், ஈரத்தில் அசெட்டிக் அமிலத்தை விடும், சூட்டில் அதன் தடையும் இறங்கும். பிஓஇ எனப்படும் பாலியோலிஃபின் படலத்தின் மின்தடை இவிஏவைவிடப் பத்து முதல் நூறு மடங்கு அதிகம், ஈரத்தையும் அவ்வளவாக உள்ளே விடாது, அமிலமும் உண்டாகாது. விலை கூடுதல், தயாரிப்பில் ஒட்டவைப்பதும் சற்றுச் சிரமம். இரண்டு இவிஏ அடுக்குக்கு நடுவே ஒரு பிஓஇ அடுக்கு வைத்த கலப்புப் படலம் இன்று பரவலாக வருவது இந்த இரண்டுக்கும் நடுவே காணப்பட்ட சமரசம்.

ஏற்கெனவே கெட்டுப்போன பேனலை என்ன செய்வது? ஒரு நல்ல செய்தி: அடுக்குப் பிழைக்குள் நுழைந்த சோடியத்தை வெளியே கொண்டுவர முடியும். மின்னழுத்தத்தைத் திருப்பிப் போட்டால் அது வந்த வழியே திரும்பும். இரவில் இன்வெர்ட்டர் தூங்கும் நேரத்தில் பேனல் வரிசைக்கும் எர்த்துக்கும் நடுவே கூட்டல் மின்னழுத்தம் கொடுக்கும் கருவிகள் கடைகளில் உண்டு. பகலில் நுழைந்த சோடியத்தை இரவில் வெளியே தள்ளுவதுதான் அவற்றின் வேலை. வாரங்கள், மாதங்கள் ஆகும். மோசமாகக் கெட்ட பேனல் முழுவதுமாகத் தேறாது. இடம் ஒத்துவந்தால் கழித்தல் முனையை எர்த் செய்யும் இன்வெர்ட்டர் இன்னும் எளிய வழி. வரிசை முழுவதும் கூட்டல் பக்கத்துக்கு வந்துவிடும், சோடியத்துக்குச் செல்லை நோக்கி இழுப்பே இருக்காது. இன்னொரு யோசனையும் சிலரிடம் உலவுகிறது: ஃபிரேமின் எர்த்தைக் கழற்றிவிட்டால் மின்னழுத்த வித்தியாசம் போய்விடுமே என்று. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கசிவு வந்தால் ஃபிரேமைத் தொடுபவரின் உயிர் போகும். பேனல் மாற்றக்கூடிய பொருள்.

விற்பனைத் தாளில் ‘பிஐடி ஃப்ரீ’ என்று அச்சடித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குப் பின்னால் இருக்கும் சோதனை என்ன? 85 டிகிரி வெப்பம், 85 சதவீத ஈரப்பதம், அந்தப் பேனலை இணைக்க அனுமதிக்கப்பட்ட வரிசையின் முழு மின்னழுத்தம், 96 மணி நேரம். அதாவது நான்கு நாள். திறனிழப்பு 5 சதவீதத்துக்குள் இருந்தால் தேர்ச்சி. ஐஇசி 61215 என்ற சர்வதேச அடிப்படைத் தரச் சோதனைக்குள் 2021இல் இது சேர்க்கப்பட்டது நல்ல முன்னேற்றம்; அதற்கு முன் தனித் தொழில்நுட்பக் குறிப்பாக மட்டுமே இருந்தது. ஆனாலும் நான்கு நாள் சோதனை இருபத்தைந்து வருடத்துக்கு உத்தரவாதம் ஆகாது. ‘ஃப்ரீ’ என்ற சொல்லுக்கு அதில் ஆதாரம் கிடையாது, ‘தாங்கும்’ என்பதற்கு மட்டும் உண்டு. பெரிய அளவில் வாங்குபவர்கள் 192 மணி நேரம், அதற்கு மேலும் என்று நீட்டித்துச் சோதிக்கச் சொல்வது நியாயமான கோரிக்கை. எந்தப் படலம், எந்தச் செல் வைத்து அந்தச் சான்றிதழ் வாங்கப்பட்டதோ அதே பொருள்கள்தான் நமக்கு வரும் பேனலிலும் இருக்கின்றனவா என்று கேட்பது அதைவிட முக்கியம். செல் ஒரு இடம், படலம் ஒரு இடம் என்று வாங்கிச் சேர்க்கும் தொழிலில் பொருள் பட்டியல் மாதத்துக்கு மாதம் மாறும்.

நம் ஊர்க் கூரைகளுக்கு இது எவ்வளவு பொருந்தும்? மூன்று கிலோவாட் வீட்டு அமைப்பில் ஆறு பேனல் அளவில்தான் இருக்கும். மொத்தமே 250, 300 வோல்ட். அதில் பாதிதான் கழித்தல் பக்கம் வரும். அந்த அளவில் சோடியத்துக்கு வேகம் இருக்காது. வீட்டுக்காரர்கள் இதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஒவ்வொரு பேனலுக்கும் தனி மைக்ரோ இன்வெர்ட்டர் இருந்தால் கவலையே இல்லை. ஆயிரம் வோல்ட்டில் ஓடும் ஆலைக் கூரைகளும் 1500 வோல்ட்டில் ஓடும் சோலார் பூங்காக்களும்தான் பார்க்க வேண்டியவை. அதிலும் தூத்துக்குடி, ராமநாதபுரம் போன்ற கடற்கரைப் பகுதிகளில் சூடு, ஈரம், உப்பு மூன்றும் ஒன்றாக இருக்கின்றன. அங்கே பேனல் வாங்கும்போது படலம் இவிஏவா பிஓஇயா என்ற கேள்வியை ஒப்பந்தத்துக்கு முன்பே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

பேனலின் அமைப்பே இப்போது மாறிக்கொண்டிருப்பதால் பழைய தீர்வுகளை நம்பி உட்கார முடியாது. முன்னும் பின்னும் இரண்டு மில்லிமீட்டர் கண்ணாடி வைத்த இருமுகப் பேனல்கள் பெருகிவிட்டன. முன்பு பின்புறம் பிளாஸ்டிக் தாள் இருந்த இடத்திலும் இன்று சோடியம் இருக்கிறது. பின்புறத்திலும் பாதுகாப்புப் பூச்சு கொண்ட இருமுகப் பெர்க் செல்களில் பின்பக்கம் மின்னழுத்தத்தால் கெடுவதைச் சிங்கப்பூரின் செரிஸ் ஆய்வு நிறுவனம் உள்ளிட்ட பலர் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். சந்தையைப் பிடித்திருக்கும் டாப்கான் செல் (பின்புறத்தில் மிக மெல்லிய ஆக்சைடு படலம் வழியாக மின்சாரத்தை எடுப்பது) என்-வகையைச் சேர்ந்தது. அதில் சோடியம் சந்தியைத் துளைக்கும் தொல்லை குறைவு. மாறாக, முன்புறப் பூச்சில் தேங்கும் நேர்மின்னேற்றம் மேற்பரப்பைக் கெடுக்கிறது. வேகமாக வரும், புற ஊதா ஒளி பட்டால் ஓரளவு திரும்பும். புதுச் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் டாப்கான் செல்களின் மேல் சோடியம் உப்புகளைத் தடவி ஈரச் சூட்டில் வைத்துச் சோதித்தபோது, முன்புற வெள்ளிக் கம்பிகள் சிலிக்கானைத் தொடும் இடம் அரித்துப்போனது. இதற்கு மின்னழுத்தமே தேவைப்படவில்லை. உப்பும் ஈரமும் போதும். கைரேகை, சாலிடரிங் ஃப்ளக்ஸ், கண்ணாடி என்று சோடியம் எங்கிருந்து வந்தாலும் செல்லைத் தொடுவதற்கு முன்பே நிறுத்தியாக வேண்டும். அதற்காகத்தான் தயாரிப்பாளர்கள் இப்போது முன்பக்கத்துக்கும் பிஓஇ படலத்தைத் தேடிப் போகிறார்கள்.